ஈரல் சத்திரசிகிச்சை முடிந்தவர்களின் கண்ணையும் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரல் புற்றுநோய்க்காக ஈரலின் ஒரு பகுதியை அகற்றிக்கொண்டு வீடு திரும்பிய ஒருவர், சில நாட்களிலோ சில வாரங்களிலோ "கண் மங்குது" என்று சொன்னால், அதை வயதின் மீதோ சீனி வருத்தத்தின் மீதோ போட்டுவிட்டு அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதை எங்கள் பகுதி மக்களுக்கும், அவர்களைப் பார்க்கின்ற வைத்தியசாலைகளுக்கும் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன். அந்த மங்கலுக்குக் காரணம் குருதி வழியாகக் கண்ணுக்குள் போய்த் தங்கிவிட்ட பங்கசாக (பூஞ்சையாக) இருக்கலாம். இது அரிதாகவே நேர்கிறது என்பது உண்மை. ஆயினும் நேர்ந்துவிட்டால், கவனிக்காமல் விடும் ஒவ்வொரு நாளும் பார்வையில் ஒரு பங்கைக் கொண்டு போகும். நேரத்தோடு கண்டுபிடித்தால் பயன்படக்கூடிய பார்வையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. நான் நீண்ட காலம் சத்திரசிகிச்சை விடுதிகளில் தாதிய உத்தியோகத்தராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். என் அக்காவின் கணவருக்கு இந்தத் தொற்று வந்தபோது, இதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் மட்டுமன்றி அயலிலும் எவருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பதைக் கண்டதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

இலங்கையில் ஈரல் புற்றுநோய் வருகின்றவர்களின் நிலை வேறு பல ஆசிய நாடுகளில் உள்ளவர்களின் நிலையிலிருந்து வேறுபட்டது. அங்கெல்லாம் ஹெபடைட்டிஸ் பி வைரசு முதன்மைக் காரணமாக இருக்க, எங்கள் நாட்டு நோயாளரில் பெரும்பாலோரிடம் அந்த வைரசு இருப்பதில்லை. கொழுப்புப் படிந்து பின்னர் இறுகிப்போன ஈரல், நீரிழிவு, மதுப்பாவனை ஆகியவையே அதிகம் காணப்படுகின்றன. ஆகவே சத்திரசிகிச்சை மேசைக்குப் போகும் எங்கள் நோயாளி பெரும்பாலும் ஐம்பது அறுபது வயதைக் கடந்தவர், பல வருடங்களாகச் சீனிக்கு மருந்து எடுப்பவர், ஈரல் ஏற்கெனவே களைத்துப்போனவர். நான் சொல்லப்போகும் தொற்றுக்கு நீரிழிவு தானே ஒரு காரணி. அதே நீரிழிவு, தொற்றின் அறிகுறிகளை மறைத்தும் விடுகிறது. இந்த இரண்டாவது விடயத்துக்குப் பின்னர் வருகிறேன்.

ஆரோக்கியமான ஈரலில் ஏறத்தாழ 70 வீதம் வரை வெட்டி அகற்றினாலும் எஞ்சிய பகுதி வளர்ந்து ஈடுசெய்யக் கூடியது என்பது பலருக்குத் தெரியும். அவ்வாறு வளர்ந்து முடியும் வரை உடலின் ஒரு பெரிய காவல் நலிந்திருக்கிறது என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. குடலிலிருந்து வருகின்ற குருதி முழுவதும் ஈரல் வாயினாளத்தின் வழியே முதலில் ஈரலுக்கே போகின்றது. அங்கே குருதிக் குழாய்களின் ஓரமாகக் காத்திருக்கும் கூப்பர் கலங்கள், குடலிலிருந்து தப்பி வந்த பக்டீரியாக்களையும் பங்கசுகளையும் பிடித்து அழிக்கின்றன. ஈரலின் பெரும்பகுதி போய்விட்டால், அல்லது எஞ்சிய ஈரல் இறுகிப் போயிருந்தால், இந்த வடிகட்டலும் குறைந்துவிடும்.

கன்டிடா என்ற பங்கசு எங்கள் வாயிலும் குடலிலும் தோலிலும் சாதாரணமாக வாழ்வது. சுகதேகியாக இருக்கும் வரை அதனால் தொல்லை இல்லை. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் நிலைமை மாறுகிறது. பித்தம் கசிந்தால், வயிற்றுக்குள் சீழ் பிடித்தால், மீண்டும் வயிற்றைத் திறக்க நேர்ந்தால், நோயாளிக்குப் பலமான அன்டிபயோட்டிக் மருந்துகளை நாட்கணக்கில் ஏற்றுவார்கள். அவை குடலில் உள்ள பக்டீரியாக்களை அழிக்க, அவற்றோடு போட்டியிட்டு அடங்கிக் கிடந்த கன்டிடா தடையின்றிப் பெருகுகிறது. கழுத்திலோ காறை எலும்பின் கீழோ உள்ள பெரிய நாளத்துக்குள் விட்ட குழாய் பல நாட்கள் அங்கேயே இருக்கின்றது. வாயால் சாப்பிட முடியாதவருக்கு அதே குழாய் வழியே ஊட்டமும் போகின்றது. அந்தக் குழாயின் உட்புறத்தில் பங்கசு படையாக ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குருதியில் கலக்கக் கூடும். இவை எல்லாம் ஓர் உயிரைக் காப்பாற்றச் செய்ய வேண்டியவையே, ஒன்றையும் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இவை எல்லாம் ஒருவருக்கே சேர்ந்து நடந்திருந்தால், அவரைக் குருதிப் பங்கசுத் தொற்றுக்கு ஆளாகக் கூடியவராகக் கருதி நடத்த வேண்டும். கன்டிடா குருதியில் கலந்தவர்களில் பத்தில் நான்கு பேர் வரை இறந்து போகிறார்கள் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் முதன்முறையாக வெளியிட்ட ஆபத்தான பங்கசுகளின் பட்டியலில், அதி முக்கியமானவை என்று குறித்த நான்கில் இரண்டு கன்டிடா இனத்தைச் சேர்ந்தவை.

குருதியில் கலந்த பங்கசு ஏன் கண்ணைத் தேடிப் போகின்றது என்று கேட்பவர்கள் உண்டு. விழித்திரைக்குப் பின்னால் மிக நுண்ணிய குருதிக் குழாய்கள் நெருக்கமாகப் பின்னிய ஒரு படை இருக்கின்றது. அதன் பருமனோடு ஒப்பிட்டால் மிக அதிகமான குருதி அதன் வழியே ஓடுகின்றது. குருதியோடு வரும் கன்டிடா முதலில் அங்கே தங்கி, சிறிய வெண்புள்ளியாக வளர்ந்து, பின் விழித்திரையைத் துளைத்துக்கொண்டு, கண்ணின் நடுவே நிறைந்திருக்கும் தெளிந்த கூழ்ப்பொருளுக்குள் வெளிப்படுகின்றது. கூழ்ப்பொருளுக்குக் குருதிக் குழாய்கள் கிடையா. ஆதலால் வெண்குருதிக் கலங்களும் மருந்துகளும் அங்கே எளிதாகப் போய்ச் சேர்வதில்லை, பங்கசு வளர்வதற்கோ தடை இல்லை. 2021ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுக் காலத்தில் இந்தியாவில் பரவியதாகச் செய்திகளில் படித்த கறுப்புப் பூஞ்சையோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது மூக்கிலிருந்தும் அதன் அருகே உள்ள எலும்புக் குழிகளிலிருந்தும் பக்கவாட்டாகப் பரவிக் கண்குழியைத் தாக்குவது. முகம் வீங்கும், தோல் கறுக்கும். நான் சொல்கின்ற தொற்றில் முகத்தில் எதுவும் தெரியாது. கண்ணாடிமுன் நின்று பார்த்தால் கண்ணும் சில வேளை வெள்ளையாகவே இருக்கும்.

ஈரலுக்கும் கண்ணுக்கும் இடையே இப்படி ஒரு வழி உண்டு என்பதற்கு வேறொரு சான்றும் இருக்கின்றது. கிளெப்சியெல்லா என்ற பக்டீரியாவினால் ஈரலில் சீழ்க்கட்டி உண்டாகி, அங்கிருந்து குருதி வழியாகக் கண்ணுக்குப் பரவிப் பார்வையைப் பறிப்பது தாய்வானில் 1980களிலிருந்து நன்றாக ஆராயப்பட்ட ஒரு நோய். அதுவும் நீரிழிவு உள்ளவர்களையே அதிகமாகத் தாக்குகிறது. பக்டீரியாத் தொற்றில் கண் மிக வேகமாகச் சிவந்து நோகும். பங்கசுத் தொற்று மெல்ல மெல்ல வருவது, அதனாலேயே ஏமாற்றுவது.

அறிகுறிகளை எங்கள் மக்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழக்கம். "கண்ணுக்கு முன்னாலை புள்ளி புள்ளியாப் போகுது", "நூல் மாதிரி மிதக்குது", "புகார் அடிச்ச மாதிரிக் கிடக்குது", "வெளிச்சத்தைப் பாக்க ஏலாமக் கிடக்குது". இவற்றோடு நோவும் சிவப்பும் சேரலாம், சேராமலும் இருக்கலாம். பலருக்கு முதற் சில நாட்களில் நோவே இருப்பதில்லை. ஒரு கண்ணில் தொடங்கி மற்றக் கண்ணுக்கும் வருவதுண்டு. இரண்டிலும் ஒன்றாகத் தொடங்குவதும் உண்டு. காய்ச்சல் இருக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை, ஏனெனில் நோயாளி கண்ணைப் பற்றிச் சொல்லும் வேளையில் குருதியில் இருந்த பங்கசு அழிந்து போயிருக்கலாம். இங்கேதான் நான் முன்னர் குறிப்பிட்ட நீரிழிவு குறுக்கே வருகின்றது. பல வருடங்களாகச் சீனி உள்ள ஒருவர் பார்வை மங்குகிறது என்றால், சீனியால் விழித்திரை பழுதாகியிருக்கும் அல்லது கண்புரை முற்றியிருக்கும் என்றே வீட்டாரும், சில வேளை வைத்தியரும் நினைப்பார்கள். சத்திரசிகிச்சையால் உடல் மெலிந்து, இரத்தம் குறைந்து, சாப்பாடும் இறங்காத நிலையில், "பலவீனம், தேறினால் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்பவர்களும் பலர்.

என் அத்தானுக்கு நடந்ததும் இதுவே. கொழும்புப் பக்கத்தில் உள்ள ஒரு வைத்தியசாலையில் ஈரலின் வலப்புறத்திலிருந்த கட்டியை அகற்றினார்கள். சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. கட்டி முழுமையாக எடுபட்டுவிட்டது என்று சொன்னார்கள், அதைச் செய்த வைத்தியர்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். பின்னர் பித்தக் கசிவு ஏற்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் இருக்க வேண்டியதாயிற்று. கழுத்துக் குழாய், குழாய்வழி ஊட்டம், ஒன்று மாற்றி ஒன்றாக அன்டிபயோட்டிக் என்று மேலே நான் எழுதிய அத்தனையும் அவருக்கு நடந்தன. ஒருவாறு தேறித் துண்டு வெட்டி (வைத்தியசாலையிலிருந்து விடுவிக்கப்பட்டு) யாழ்ப்பாணம் வந்து, வீட்டில் சில வாரங்கள் சென்றபின் பத்திரிகை எழுத்து கலங்குகிறது என்றார். அக்கா அவரைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிச் சென்றார். மூக்குக் கண்ணாடி மாற்றப்பட்டது. பின்னர் கண் சிவக்கவே, தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் கண்ணின் உட்படையில் அழற்சி என்று ஸ்டீரொயிட் துளிமருந்து கொடுத்தார்கள். இரண்டொரு நாள் சிவப்புக் குறைந்தது, பார்வை மேலும் மங்கியது. ஈரலில் சத்திரசிகிச்சை செய்தவர் என்பதை அங்கே எவரும் கேட்கவில்லை, கண்ணுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றாததால் இவர்களும் சொல்லவில்லை. பிறகு அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் கண் பிரிவில் ஓர் இளம் வைத்தியர், கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு உள்ளே பார்த்தார். விழித்திரையின் மேலே பஞ்சுத் துணுக்குப் போன்ற வெண்ணிறத் திரட்சிகளைக் கண்டவுடன் அவர் கேட்ட முதற் கேள்வி: "ஐயா, அண்மையில் பெரிய ஒப்பரேஷன் ஏதும் செய்தனீங்களோ?" அந்த ஒரு கேள்வியினால் வலது கண்ணில் வாசிக்கக் கூடிய பார்வை இன்றும் அவருக்கு இருக்கின்றது. இடது கண்ணில் கை அசைவது மட்டுமே தெரிகின்றது.

ஸ்டீரொயிட் துளிமருந்து பற்றி நான் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. அது நல்ல மருந்து. கண்ணின் பல நோய்களுக்கு அது இன்றியமையாதது. ஆனால் உள்ளே பங்கசு இருக்கும்போது, பங்கசுக்கு எதிரான மருந்தின்றி அதைத் தனியே விட்டால், அழற்சி அடங்கிச் சிவப்பும் நோவும் குறையும், அதே வேளையில் உடலின் எதிர்ப்பும் அடங்கிப் பங்கசு தாராளமாக வளரும். நோயாளிக்குச் சுகம் வருவது போலத் தோன்றும் அந்த நாட்களே பார்வை பறிபோகும் நாட்கள். இங்கே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் கலந்த துளிமருந்துப் போத்தலை வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமலே கேட்டு வாங்கும் பழக்கம் எங்கள் மக்களிடம் இருக்கின்றது. அயலவருக்குக் கொடுத்த மருந்தின் மிச்சத்தை விட்டுக்கொள்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன். மருந்தாளர்கள் துண்டு இல்லாமல் இம்மருந்தைக் கொடுக்கக் கூடாது. கண் சிவந்து வருகின்றவரிடம் அண்மையில் வைத்தியசாலையில் தங்கியிருந்தாரா என்று அவர்கள் கேட்டுக் கண் பிரிவுக்கு அனுப்பினால் அது பெரிய உதவி.

நோயை உறுதிப்படுத்துவதும் இலேசான காரியம் அன்று. குருதியை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினால், உண்மையில் ஆழமான கன்டிடாத் தொற்று உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிலேயே அது பங்கசைக் காட்டும். ஆகவே "இரத்தத்தில் ஒன்றும் இல்லை" என்ற அறிக்கையை வைத்துக்கொண்டு கண்ணிலும் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. கண்ணுக்குள் இருக்கும் கூழ்ப்பொருளில் சிறிதளவை ஊசியால் எடுத்தோ, சத்திரசிகிச்சையால் அதை அகற்றும்போதோ பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பங்கசை இனங்காண்பதற்கான சிறப்புப் பரிசோதனைகளுக்கு மாதிரிகளைப் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப நேர்வதும் உண்டு.

சிகிச்சை பற்றி நோயாளியின் குடும்பம் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பது வைத்தியரின் தீர்மானம். விழித்திரையோடு நின்றுவிட்ட தொற்றைப் பெரும்பாலும் குளிசையாலோ ஊசி வழி மருந்தாலோ குணப்படுத்தலாம். கூழ்ப்பொருளுக்குள் புகுந்துவிட்டால் கண்ணுக்குள்ளேயே அம்போடெரிசின் அல்லது வொரிகொனசோல் ஊசி போடுவார்கள். அளவு மைக்கிறோகிராம் கணக்கில், ஒரு மில்லிலீற்றரில் பத்தில் ஒரு பங்கு திரவத்தில் கலந்து கொடுப்பது. தேவைப்பட்டால் கூழ்ப்பொருளையே அகற்றுவார்கள். இவற்றோடு உள்மருந்து குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்கள் தொடரும், விழித்திரையில் உள்ள புண் முற்றாக ஆறும் வரை நிறுத்த முடியாது. புளுக்கொனசோல் குளிசை விலை குறைந்தது, கண்ணுக்குள் நன்றாக ஊடுருவக் கூடியது. ஆனால் எல்லாக் கன்டிடா வகைகளும் அதற்கு அடங்குவதில்லை. வொரிகொனசோல் ஈரலிலேயே சிதைக்கப்படுவது. பாதி ஈரலை இழந்தவருக்கும் ஈரல் இறுகியவருக்கும் அதன் அளவைக் குறைத்து, ஈரல் பரிசோதனைகளை அடிக்கடி பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த மருந்தே சிலருக்கு வெளிச்சம் கூடித் தெரிவதையும் நிறம் மாறித் தெரிவதையும் சிறிது நேரத்துக்கு உண்டாக்குவதால், நோய் கூடிவிட்டதோ என்று வீட்டார் பதறுவதுண்டு. பதறி மருந்தை நிறுத்தாமல் வைத்தியரிடம் கேட்க வேண்டும். அம்போடெரிசினை நாளம் வழியே ஏற்றும்போது சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். ஈரல் சத்திரசிகிச்சை செய்தவருக்கு மருந்தைத் தெரிவுசெய்வதே ஒரு நூல்மேல் நடை. ஆதலால் கண் வைத்தியர், சத்திரசிகிச்சை நிபுணர், நுண்ணுயிரியல் நிபுணர் மூவரும் ஒருவரோடொருவர் பேசியே தீர்மானிக்க வேண்டும்.

இதில் மருத்துவப் பணியாளர்களுக்கும் நினைவூட்ட வேண்டிய ஒன்று இருக்கின்றது. குருதியில் கன்டிடா கண்டால் இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் முதலில் கொடுப்பது கஸ்போபஞ்சின், மிக்கபஞ்சின் போன்ற மருந்துகள். குருதியைச் சுத்தப்படுத்துவதில் அவை மிகச் சிறந்தவை, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பெரும்பாலும் பாதகமற்றவை. கண்ணுக்குள் அவை போதிய அளவு செல்வதில்லை. ஆகவே குருதி சுத்தமாகி, காய்ச்சல் விட்டு, நோயாளி நன்றாகத் தேறிவிட்டார் என்று எல்லோரும் மகிழ்ந்திருக்கும்போது கண்ணில் ஒதுங்கிய பங்கசு அப்படியே இருக்கலாம்.

குருதியில் கன்டிடா உள்ள எல்லோருடைய கண்ணையும் பரிசோதிக்க வேண்டுமா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் தொற்றுநோய்ச் சங்கம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்துக்குள் கண்மணியை விரித்து எல்லோரையும் பார்க்க வேண்டும் என்றது. அந்நாட்டுக் கண் மருத்துவக் கழகம் 2021ஆம் ஆண்டில், அறிகுறி எதுவும் இல்லாதவர்களை வழமையாகப் பரிசோதிப்பதை ஆதரிக்க முடியாது என்றது. இப்போது தொடக்கத்திலேயே நல்ல மருந்து கிடைப்பதால் கண்ணின் உட்பகுதி முழுவதும் பாதிக்கப்படுவது மிகக் குறைந்துவிட்டது என்பது அதன் வாதம். இரு தரப்பிலும் நியாயம் இருக்கின்றது. ஆனால் "அறிகுறி இல்லாதவர்" என்பது தன் கண்ணைப் பற்றித் தானே சொல்லக் கூடியவருக்குத்தான் பொருந்தும். மயக்க மருந்தில் கிடப்பவரும், வாயில் சுவாசக் குழாய் இருப்பவரும், சுற்றி நிற்பவர்களின் மொழி தெரியாதவரும் என்ன சொல்ல முடியும்? ஈரல் செயலிழப்பால் அறிவு தடுமாறியிருப்பவர் பற்றியும் இதே கேள்வி. இவர்களின் கண்ணை ஒருமுறை விரித்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு துளிமருந்தும் கண் வைத்தியரின் சில நிமிடங்களுமே. அறிகுறி சொல்பவரை அன்றைக்கே பார்க்க வேண்டும் என்பதில் இரு தரப்பினருக்கும் மாறுபாடு கிடையாது.

எங்கள் மாவட்டத்து நோயாளரின் நிலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டி உருவாக்கிய தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலை வடக்கு மக்களுக்குப் பெரிய வரம். யாழ் போதனா வைத்தியசாலையும் வருடா வருடம் வளர்ந்து வருகின்றது. இருந்தும் ஈரல் போன்ற சிக்கலான சத்திரசிகிச்சைக்கு இங்கிருந்து தெற்கே போகின்றவர்கள் இன்னும் பலர். சத்திரசிகிச்சை ஓரிடம், புற்றுநோய்க் கிளினிக் இன்னோரிடம், சீனிக் கிளினிக் வீட்டுக்கு அருகே, கண் கிளினிக் வேறிடம் என்று ஒரே மனிதரின் உடல் நான்கு கொப்பிகளில் பிரிந்து கிடக்கின்றது. அந்தக் கொப்பிகள் எதிலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்தவை முழுமையாக இராது. துண்டு வெட்டும்போது கொடுக்கும் அட்டையில் கட்டியின் அளவும் சத்திரசிகிச்சையின் பெயரும் ஆங்கிலத்தில் சுருக்கமாக இருக்கும். நாளத்தில் குழாய் எத்தனை நாட்கள் இருந்தது, குருதியில் பங்கசு கண்டார்களா, அதற்கு எந்த மருந்து கொடுத்தார்கள் என்பவை பெரும்பாலும் இருப்பதில்லை. இவற்றை அட்டையில் எழுதுவதற்கு இரண்டு வரி போதும். இங்குள்ள கண் வைத்தியருக்கு அந்த இரண்டு வரிகள் எந்தக் கருவியையும் விட அதிகம் உதவும்.

அறிவுறுத்தல் எந்த மொழியில் கொடுக்கப்படுகின்றது என்பதும் கேட்க வேண்டியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், தம்மிடம் படித்தவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கியவர். அந்த மண்ணில், ஒரு முதியவர் பெரிய சத்திரசிகிச்சை முடிந்து வீடு வரும்போது, எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும் என்று தமிழில் எழுதிய அரைப்பக்கத் தாள் ஒன்றுகூட அவர் கையில் இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றது. காயத்தில் சீழ், காய்ச்சல், மஞ்சள் நிறம், வயிறு வீக்கம் ஆகியவை பற்றியாவது தாதியர்கள் வாயால் சொல்லி அனுப்புகிறோம். கண்ணைப் பற்றி நாங்கள் சொல்வதில்லை. இந்த நோய் அரிது என்பதால் சொல்லாமல் விடுகிறோம் என்றால், அரிதான நோயைத்தான் நோயாளியால் தானாக ஊகிக்க முடியாது.

ஆகவே வட மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும், பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சைகள் நடக்கும் வைத்தியசாலைகளின் பணிப்பாளர்களிடமும் நான் கேட்பது அதிகம் அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் இருந்து மீள்பவருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஓர் அறிவுறுத்தல் தாள் கொடுக்க வேண்டும், அதில் கண்ணுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். குருதியில் கன்டிடா கண்ட நோயாளியைத் துண்டு வெட்டும் முன்னர் கண் பிரிவுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அப்படி ஒருவர் கண் மங்குகிறது என்று வந்தால், கிளினிக் திகதி இல்லை என்று திருப்பி அனுப்பாமல் அன்றைக்கே கண்மணியை விரித்துப் பார்க்கும் ஒழுங்கு வெளிநோயாளர் பிரிவில் இருக்க வேண்டும். வெளிநோயாளர் பிரிவில் முதலில் பார்க்கும் வைத்தியருக்கு இந்த ஒழுங்கு தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக் கூடியது மிகவும் எளிது. சத்திரசிகிச்சை முடிந்து வந்தவரைக் காலையில் வெளிச்சத்தில் இருத்தி, ஒரு கண்ணைக் கையால் மூடச் சொல்லி, மற்றக் கண்ணால் சுவரில் உள்ள கலண்டரின் திகதியையும் சிறிய எழுத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணையும் அவ்வாறே பாருங்கள். இரண்டு கண்களையும் திறந்து பார்க்கும்போது நல்ல கண் பழுதான கண்ணின் குறையை மறைத்துவிடும் என்பதால் தனித்தனியே பார்ப்பது முக்கியம். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு இதைச் செய்துவாருங்கள். நேற்று வாசித்ததை இன்று வாசிக்க முடியவில்லை என்றால், மிதக்கும் புள்ளிகள் புதிதாகத் தோன்றினால், வெளிச்சம் கூசினால், அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேராகக் கண் பிரிவுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். போனவுடன் எவரும் கேட்பதற்கு முன்னரே, ஈரலில் சத்திரசிகிச்சை செய்தவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர், கழுத்தில் குழாய் போட்டிருந்தவர், சீனி உள்ளவர் என்பதைச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடைக்கு அதன் பின்னர் போகலாம்.

தங்கள் பத்திரிகையின் மருத்துவப் பகுதியில் கண் வைத்திய நிபுணர் ஒருவரைக் கொண்டு இந்த நோயைப் பற்றி விளக்கமாக எழுதுவித்து, வெட்டி எடுத்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளக் கூடியதாகப் பெரிய எழுத்தில் ஒரு சிறு அறிவித்தலாகவும் வெளியிட வேண்டும் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
உடுவில்.